உராய்வு என்ற தீர்ப்பு: பெர்ரி மேசன் தோற்ற எபிசோடும் சிவகாசியின் முடியாத வழக்கும்

நீதிமன்றக் கதைகளில் தீர்ப்பு கடைசியில்தான் வரும். ஒரே ஒரு முறை அது முதலிலேயே வந்துவிட்டது.

1963-ல் ஒளிபரப்பான அந்த எபிசோடின் முதல் காட்சியிலேயே ஜூரிகள் குற்றவாளி என்று சொல்லிவிடுகிறார்கள். கூண்டில் நிற்பவர் ஜேனிஸ் பார்ட்டன் என்ற இளம்பெண். தண்டனை, மரணம். அவர் பக்கத்தில் பேச்சு வராமல் நிற்பவர், தோற்கவே மாட்டார் என்று அமெரிக்கா முழுக்க நம்பியிருந்த வக்கீல் பெர்ரி மேசன். சனங்கள் அதிர்ந்துபோனார்கள். எபிசோடின் பெயர், 'தி கேஸ் ஆஃப் தி டெட்லி வெர்டிக்ட்'. உயிரைக் குடிக்கும் தீர்ப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

பெர்ரி மேசன் தொடரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1957 செப்டம்பரில் சி.பி.எஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 1966 மே வரை 271 எபிசோடுகள் ஓடிய தொடர் இது. ஒரே ஒரு எபிசோடு மட்டும்தான் கலர். மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை. மேசனாக நடித்தவர் ரேமண்ட் பர். கதாபாத்திரத்தை உருவாக்கியவர் ஏர்ல் ஸ்டான்லி கார்ட்னர். அவரே கலிஃபோர்னியாவில் வக்கீலாக இருந்தவர். மேசனை வைத்து 80-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார்.

தொடரின் ஃபார்முலா ரொம்ப எளிமையானது. முதல் பாதியில் கொலை. தப்பான ஆள் கைதாவார். இரண்டாம் பாதி முழுக்க கோர்ட். அரசு வக்கீல் ஹாமில்டன் பர்கர் சாட்சிகளை அடுக்கிக்கொண்டே போவார். துப்பறியும் பால் டிரேக் கடைசி நேரத்தில் ஒரு துண்டுச் சீட்டோடு ஓடி வருவார். மேசன் எழுந்து நாலு கேள்வி கேட்பார். சாட்சிக் கூண்டிலோ பார்வையாளர் வரிசையிலோ இருக்கும் நிஜக் கொலையாளி உடைந்து அழுதபடி ஒப்புக்கொள்வார். கடைசி இரண்டு நிமிடம், மேசனும் செக்ரட்டரி டெல்லா ஸ்ட்ரீட்டும் டிரேக்கும் உட்கார்ந்து முடிச்சு எப்படி அவிழ்ந்தது என்று பேசிக்கொள்வார்கள். சுபம்.

நமக்கும் இந்த ருசி புதிதில்லை. 1952-ல் 'பராசக்தி', 1973-ல் 'கௌரவம்', 1984-ல் 'விதி' என்று தமிழ் சினிமா கோர்ட் காட்சிக்காகவே கூட்டம் கூட்டியது. வாரப் பத்திரிகை வாசகர்களுக்கு சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வீட்டு மனிதர்கள் மாதிரி. ஒருவர் எழுந்து சரியான கேள்வியைக் கேட்டால் உண்மை வெளியே வந்தே தீரும் என்ற நம்பிக்கைதான் இத்தனைக்கும் அடிப்படை.

'டெட்லி வெர்டிக்ட்' எபிசோடு அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தது. தீர்ப்பு வந்துவிட்டது. ஊர் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஃபைல் மூடியாகிவிட்டது. மேசன் மட்டும் அதைத் திறந்து, முதலில் கேட்கத் தவறிய கேள்விகளைத் தேடிப் போகிறார். கடைசியில் உண்மை தெரிந்து, அந்தப் பெண் தப்பிக்கிறார்.

தீர்ப்பிலிருந்து தொடங்கும் இப்படியொரு கதையைத் தேடி அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. விருதுநகர் மாவட்டத்தில் அது வருடா வருடம் நடக்கிறது.

முதல் வரியிலேயே முடிந்துவிடும் வழக்கு

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஒரு பட்டாசு ஆலையில் அறை வெடித்தால், அன்று மாலைக்குள் செய்தி வந்துவிடும். ஊர் பெயரும் எண்ணிக்கையும் மாறும். ஒரு வரி மட்டும் மாறவே மாறாது. 'மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடி விபத்து நிகழ்ந்ததாக முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது.'

உராய்வு. ஒரே சொல்லில் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. உராய்வு யார் கையில் நடந்தது? மருந்தைக் கையாண்டவர் கையில். அவர் எங்கே? இறந்துவிட்டார். ஆக, குற்றவாளியும் அவரே, பலியானவரும் அவரே. அவருக்காக எழுந்து நிற்க அங்கே எந்த மேசனும் இல்லை.

அது பொய்யான காரணம் இல்லை. பட்டாசு மருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரித்தூள், அலுமினியப் பவுடர் என்று சேரும் கலவை. கலந்த பிறகு அதற்கு ஒரு சின்னப் பொறி போதும். இரும்புக் கருவி கல்லில் பட்டாலும், கலவையை வேகமாகத் தேய்த்தாலும், நைலான் சேலையில் சேரும் நிலை மின்சாரம் பாய்ந்தாலும் பற்றிக்கொள்ளும். அதனால்தான் விதிகள் இத்தனை கறாராக இருக்கின்றன. இரும்புக் கருவி கூடாது. நைலான், பாலியஸ்டர் துணி கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். கலந்த மருந்தை அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மருந்து கையாளும் அறையில் ஒரே சமயத்தில் நாலு பேருக்கு மேல் இருக்கவே கூடாது.

இந்த 'நாலு பேர்' விதியின் அர்த்தத்தை யோசித்தால் கொஞ்சம் நடுங்கும். விபத்து நடக்காமல் தடுப்பதற்கான விதி இல்லை இது. விபத்து நடந்தே தீரும் ஒரு நாளில், நாலு பேருக்கு மேல் சாகக் கூடாது என்பதற்கான விதி. உராய்வு என்றைக்காவது வரும் என்று சட்டத்துக்கு முன்பே தெரியும். அதனால்தான் எண்ணிக்கையைக் கட்டிப்போட்டது.

அப்படியென்றால், ஒரு விபத்தில் பத்துப் பேரோ இருபது பேரோ இறந்தால் கேள்வி உராய்வைப் பற்றியதாக இருக்க முடியாது. உராய்வால் ஒரு அறை வெடிக்கும். அந்த அறைக்குள்ளும் வாசலிலும் பக்கத்து மரத்தடியிலும் அத்தனை பேர் ஏன் இருந்தார்கள் என்பதற்கு உராய்வு பதில் சொல்லாது.

தூக்குவாளிகளை எண்ணினால் போதும்

இங்கேதான் துப்பறியும் கதைகளைவிட நிஜம் கஷ்டமானது. மேசனுக்கு எப்போதும் ஒரு தடயம் கிடைக்கும். கைத்துப்பாக்கி, கடிதம், உடைந்த கடிகாரம், ஏதாவது ஒன்று. வெடி விபத்தில் தடயமே முதலில் எரிகிறது. அறை தரைமட்டம். பதிவேடு சாம்பல். நேரில் பார்த்தவர்கள் ஆஸ்பத்திரியில். பிழைத்தவர்களுக்கும் நாளைக்கு இதே தொழிலில், இதே வட்டாரத்தில்தான் வேலை. கூண்டில் ஏறி என்ன பேசுவார்கள்?

ஆனாலும் ஒரு மேசன் வந்து நின்றால், அவர் உராய்வைப் பற்றிக் கேட்கவே மாட்டார். கற்பனை செய்து பாருங்கள். கூண்டில் ஏறுபவரிடம் அவர் கேட்கும் கேள்விகள் வேறு.

காலையில் கிராமங்களிலிருந்து ஆள் ஏற்றி வந்த வேன்கள் எத்தனை? அன்றைக்கு வந்த சாப்பாட்டுத் தூக்குவாளிகள் எத்தனை? லைசென்ஸ் வரைபடத்தில் இருக்கும் அறைகள் எத்தனை, தரையில் இருந்த அறைகள் எத்தனை? லைசென்ஸ் எந்த ரகப் பட்டாசுக்கு, அன்று அங்கே செய்யப்பட்டது எந்த ரகம்? லைசென்ஸில் இருக்கும் பெயர் யாருடையது, சனிக்கிழமை சம்பளம் கொடுத்த கை யாருடையது?

கடைசிக் கேள்விதான் இந்த வட்டாரத்துக்கே உரியது. இங்கே 'உள்குத்தகை' என்று ஒரு ஏற்பாடு உண்டு. லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் அறைகளைப் பிரித்து வேறு வேறு ஆட்களுக்குக் குத்தகைக்கு விடுவார். சட்டப்படி இது கூடாது. குத்தகைக்கு எடுத்தவருக்குப் போட்ட பணத்தைச் சீசன் முடிவதற்குள் எடுத்தாக வேண்டும். அதனால் நாலு பேர் அறையில் எட்டுப் பேர். இடம் போதாவிட்டால் மரத்தடி. கூலியோ உருப்படிக் கணக்கு. எவ்வளவு செய்கிறார்களோ அவ்வளவுதான் காசு. தீபாவளி நெருங்கும்போது கை வேகமாகத்தான் ஓடும். வேகமாக ஓடும் கையில்தான் உராய்வு வரும்.

ஒரு பொறிக்குப் பின்னால் இத்தனை பேரின் முடிவுகள் வரிசையில் நிற்கின்றன. 'முதற்கட்ட விசாரணை' வரி அந்த வரிசையின் கடைசி ஆளை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது.

மூடிய ஃபைலைத் திறந்த கோர்ட்

சரி, இந்த ஃபைலை யாராவது திறந்திருக்கிறார்களா? திறந்திருக்கிறார்கள். அது நடந்த விதம் 'டெட்லி வெர்டிக்ட்' எபிசோடைப் போலவே இருக்கிறது.

சிவகாசி ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்வதை எதிர்த்து, எம்.சி.மேத்தா என்ற வக்கீல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். வருடம் 1986. அவர் கையில் எடுத்தது அரசியல் சட்டத்தின் 24-வது பிரிவு. 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையைத் தொழிற்சாலையிலோ ஆபத்தான வேலையிலோ அமர்த்தக் கூடாது என்பது அந்தப் பிரிவு. கோர்ட்டில் வைக்கப்பட்ட கணக்கின்படி, 1985 டிசம்பர் 31 நிலவரத்தில், இந்த வட்டாரத்தில் பதிவு பெற்ற தீப்பெட்டி ஆலைகள் 221. அவற்றில் வேலை செய்தவர்கள் 27,338 பேர். அதில் குழந்தைகள் 2,941 பேர். இது பதிவேட்டில் ஏறிய கணக்கு மட்டும்தான்.

1990 அக்டோபர் 31-ம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. தயாரிப்பு வேலையில் குழந்தைகள் கூடாது. தயாரிப்பு நடக்கும் இடத்திலிருந்து தள்ளி, பேக்கிங் வேலையில் ஈடுபடுத்தலாம். பெரியவர்களுக்கான குறைந்தபட்சக் கூலியில் 60 சதவிகிதமாவது அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். தொழிலாளர்களுக்கு 50,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்ய வேண்டும். இன்றைய கண்ணால் பார்த்தால் இது பாதித் தீர்ப்பு. குழந்தை ஆலைக்குள் இருக்கலாம், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் போதும் என்கிற தீர்ப்பு. வழக்கு முடிந்துபோனது.

அடுத்த வருடம், 1991-ல், சிவகாசி பட்டாசு ஆலை ஒன்றில் பெரிய விபத்து. செய்தித்தாளில் வந்ததைப் பார்த்த உச்ச நீதிமன்றம், யாரும் மனு போடாமலே, தான் முடித்துவைத்த அதே வழக்கைத் தானாக எடுத்துக்கொண்டது. எத்தனை பேர் இறந்தார்கள் என்று தமிழக அரசைக் கேட்டது. 39 பேர் என்று அரசு பதில் தாக்கல் செய்தது.

அதற்குப் பிறகு கோர்ட் செய்ததுதான் முக்கியம். டெல்லியில் உட்கார்ந்தபடியே முடிவெடுக்கவில்லை. மூத்த வக்கீல்கள் ஆர்.கே.ஜெயின், இந்திரா ஜெய்சிங், வக்கீல் கே.சி.துவா ஆகிய மூவரையும் நேரில் போய்ப் பார்த்து வரச் சொன்னது. பால் டிரேக் செய்யும் வேலையை இங்கே மூன்று வக்கீல்கள் செய்தார்கள். 1991 நவம்பர் 11 தேதியிட்டு அவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். பட்டாசு ஆலைகளில் குழந்தைகள் இருக்கவே கூடாது என்றார்கள். உருப்படிக் கூலியை விட்டுவிட்டு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதும் அவர்கள் பரிந்துரைகளில் ஒன்று. விபத்தைப் பார்க்கப் போனவர்களின் கண் கூலிக் கணக்கில் போய் நின்றது தற்செயல் இல்லை.

இறுதித் தீர்ப்பு வந்த நாள் 1996 டிசம்பர் 10. நீதிபதிகள் குல்தீப் சிங், பி.எல்.ஹன்சாரியா, எஸ்.பி.மஜ்முதார். குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி, ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் ஒரு பெரியவருக்கு அரசு வேலைக்கு வழி செய்ய வேண்டும், முடியாவிட்டால் அரசு தன் பங்குக்கு 5,000 ரூபாய் போட வேண்டும். அந்தப் பணத்தின் வட்டி குடும்பத்துக்குப் போகும், குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போகும். உத்தரவு சிவகாசியோடு நிற்கவில்லை. ஃபிரோசாபாத் கண்ணாடி, சூரத் வைரப் பட்டறை, மொராதாபாத் பித்தளை, அலிகார் பூட்டு என்று நாடு முழுக்கப் போனது.

இந்தத் தீர்ப்பின் பலம் அது கேட்ட கேள்வியில் இருக்கிறது. ஆலைக்கு வேலைக்குப் போன குழந்தையையோ அனுப்பிய பெற்றோரையோ அது குற்றவாளியாக்கவில்லை. வீட்டில் அடுப்பெரிய வழியில்லாமல் 'பிள்ளையை அனுப்பாதே' என்று சொல்வதில் பயனில்லை என்று புரிந்துகொண்டு, பணத்தை முதலாளியிடமும் அரசிடமும் கேட்டது. இன்று இந்த வட்டாரத்தில் பல ஆலைகளின் வாசலில் 'இங்கு குழந்தைத் தொழிலாளர்கள் இல்லை' என்ற பலகை தொங்குகிறது. அந்தப் பலகைக்குப் பின்னால் பத்து வருட வழக்கு இருக்கிறது.

'யார் செய்தது' என்பதே தப்பான கேள்வி

எம்.சி.மேத்தா என்ற இதே வக்கீல்தான், ஏறக்குறைய அதே நேரத்தில், இந்தியச் சட்டத்தையே திருப்பிப்போட்ட இன்னொரு வழக்கையும் நடத்தினார்.

1985 டிசம்பரில் டெல்லி ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் என்ற அமில வாயு கசிந்தது. போபால் துயரம் நடந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த வழக்கில் 1986 டிசம்பர் 20-ம் தேதி, தலைமை நீதிபதி பி.என்.பகவதி தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு புது விதியைச் சொன்னது. ஆபத்தான தொழிலை நடத்தி லாபம் பார்ப்பவர், அதில் யாருக்குப் பாதிப்பு வந்தாலும் முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும். என் தப்பு இல்லை, தொழிலாளி கவனக்குறைவு, கடவுள் செயல், மூன்றாவது ஆள் சதி என்று எந்தச் சாக்கும் செல்லாது. இங்கிலாந்தில் 1868-லிருந்து இருந்த பழைய விதியில் இந்தச் சாக்குகளுக்கு இடம் இருந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை அடைத்தது. சட்டம் இதை 'முழுமையான பொறுப்பு' என்கிறது.

பெர்ரி மேசன் ரசிகர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். ஏனென்றால் இந்த விதிப்படி, 'யார் செய்தது' என்று கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. கண்ணீர் விட்டு ஒப்புக்கொள்ளும் கொலையாளி தேவையில்லை. ஆபத்தை ஊருக்குள் கொண்டுவந்தவர் யார், அதில் காசு பார்த்தவர் யார் என்று தெரிந்தால் போதும். அவரே பதில் சொல்ல வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் இந்த நியாயம் அதைவிடப் பழையது. வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே இதன் விதை இருந்தது. விதியை மீறினான், அதனால் இழப்பீடு கிடையாது என்று முதலாளி வாதாட அந்தச் சட்டம் சில இடங்களில் அனுமதித்தது. ஆனால் தொழிலாளி இறந்துபோனால் அந்த வாதம் எடுபடாது. இறந்தவர் மேல் பழியைப் போட்டு, அவர் பிள்ளைகளின் சோற்றில் கை வைக்கக் கூடாது என்று அன்றைய சட்டமே நினைத்திருக்கிறது. மாலைச் செய்தியின் 'உராய்வு' வரிக்கு இத்தனை வருடத்துக்கு முன்பே பதில் எழுதியாகிவிட்டது.

அச்சன்குளத்தில் நடந்தது

இதெல்லாம் ஏட்டுச் சட்டம்தானா? 2021 பிப்ரவரி 12-ம் தேதி சாத்தூர் பக்கம் அச்சன்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. இறந்தவர்கள் 20-க்கும் மேல். இந்த முறையும் யாரும் மனு போடவில்லை. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் செய்தியைப் பார்த்துத் தானாக வழக்கு எடுத்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. பிறகு, இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உத்தரவிட்டது.

பசுமைத் தீர்ப்பாயத்தின் 2010-ம் வருடச் சட்டத்தில் ஒரு வரி உண்டு. விபத்து வழக்குகளில் யார் தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லாத கொள்கையைத்தான் தீர்ப்பாயம் பின்பற்ற வேண்டும் என்பது அந்த வரி. தானாக வழக்கு எடுக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டா என்று ஒரு சந்தேகம் இருந்தது. வேறொரு வழக்கில், அதே 2021 அக்டோபர் 7-ம் தேதி, உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மனுப் போட வசதியும் தெம்பும் இல்லாத ஒரு குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள். கணவனை இழந்த பெண் வக்கீலைத் தேடி அலைய வேண்டாம். தன் கணவர் கவனமாகத்தான் மருந்து செலுத்தினார் என்று யாரிடமும் நிரூபிக்க வேண்டாம்.

இன்னும் முடியாத பாதி

இழப்பீடு ஒரு பாதி. தண்டனை இன்னொரு பாதி. அங்கேதான் கதை நின்றுபோகிறது.

விபத்து நடந்தால் முதலில் கைதாவது பெரும்பாலும் ஃபோர்மேன். உரிமையாளர் தலைமறைவு, தேடுகிறார்கள் என்று செய்தி வரும். வழக்கில் பிரிவுகள் சேரும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில், கவனக்குறைவால் மரணம் என்றால் அதிகபட்சம் இரண்டு வருடம். 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் புதிய சட்டத்தில் அது ஐந்து வருடம். உயிர் போகும் என்று தெரிந்தே செய்த செயல் என்றால், கொலை ஆகாத மரணக் குற்றம். அதற்குப் பத்து வருடம் வரை.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது 'தெரிந்தே' என்ற ஒரு சொல். நாலு பேர் அறையில் எட்டுப் பேரை உட்கார வைத்தவருக்கு, வெடித்தால் எட்டுப் பேரும் போவார்கள் என்று தெரியாதா? விதியே அதைத்தானே சொல்கிறது? ஒரு நல்ல அரசு வக்கீலுக்கு இது எடுத்து வாதாடக்கூடிய புள்ளி. ஆனால் அதற்குத் தூக்குவாளிகளை யாராவது எண்ணியிருக்க வேண்டும். வேன் டிரைவரின் வாக்குமூலம் வேண்டும். சம்பள நோட்டு வேண்டும். முதல் நாளே 'உராய்வு' என்று எழுதி முடித்துவிட்டால், இரண்டாம் நாள் இதையெல்லாம் தேடிப் போக யாருக்கும் வேலை இருக்காது.

2012 செப்டம்பர் 5-ம் தேதி சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் நடந்ததை இந்த வட்டாரம் மறக்கவில்லை. ஒரே ஆலையில் 35-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. முதல் வெடிச் சத்தம் கேட்டுக் காப்பாற்ற ஓடி வந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் பலரும் அதில் இருந்தார்கள். அவர்கள் கையில் மருந்தே இல்லை. அவர்கள் எதையும் உராயவில்லை.

ஆலையை இழுத்து மூடிவிட்டால் போதும் என்று தூரத்தில் இருந்து சொல்வது சுலபம். இது வானம் பார்த்த கரிசல் பூமி. மழை ஏமாற்றிய வருடங்களில் இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு வேனும் பட்டாசு அறையும்தான் கை கொடுத்தன. நாடு வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி இவர்கள் கையால் வந்தது. விதிப்படி நடத்தும் ஆலைகளும் இங்கே உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் கெட்ட பெயர் வருகிறது. இந்த ஊர் கேட்பது வேலை. அந்த வேலையில் நாலு பேர் அறையில் நாலு பேர்.

கடைசி இரண்டு நிமிடம்

பெர்ரி மேசனை எழுதிய கார்ட்னருக்கு ஒரு உறுத்தல் இருந்தது. கதையில் எல்லா அப்பாவிகளையும் விடுவிக்கிறோம், நிஜத்தில் தப்பான தீர்ப்போடு சிறையில் இருப்பவர்களை யார் பார்ப்பது என்ற உறுத்தல். 1948-ல் ஆர்கசி என்ற பத்திரிகையோடு சேர்ந்து 'கோர்ட் ஆஃப் லாஸ்ட் ரிசார்ட்' என்ற முயற்சியைத் தொடங்கினார். தடயவியல் நிபுணர்கள், துப்பறிவாளர்களை வைத்து, முடிந்துபோன வழக்குகளைத் திரும்பத் தோண்டினார்கள். கடைசிப் படியில் இருந்து தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் வாசகர்கள்தான் என்பது அவர் எண்ணம். பத்திரிகை படிப்பவர்கள் கேட்டால்தான் மூடிய ஃபைல் திறக்கும் என்று நம்பினார். மேசன் தொடரின் கடைசி எபிசோடில், நீதிபதி வேடத்தில் அவரே வந்து உட்கார்ந்தார்.

அவர் நம்பியது நம் ஊரிலும் நடந்திருக்கிறது. 1991-லும் 2021-லும் கோர்ட் கதவைத் திறந்தது ஒரு மனு இல்லை, ஒரு செய்தி. யாரோ எழுதினார்கள். யாரோ படித்தார்கள். படித்தவர்கள் அதோடு விடவில்லை.

அடுத்த முறை உங்கள் போனில் அந்த வரி வரும். 'உராய்வு ஏற்பட்டு' என்று இருக்கும். விரலால் தள்ளிவிட்டுப் போவதற்கு முன் ஒரு நொடி நில்லுங்கள். அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று செய்தி சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லவில்லையென்றால், அது தீர்ப்பு இல்லை. வழக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது.